சபையில் கதைச்ச காணி

கொழும்பில் காலிமுகத் திடலருகே தூண்களோடு நிற்கும் பழைய சபைக் கட்டடத்தைப் படமெடுத்துப் போட்டவர்கள் ஏராளம். சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபை அங்கேதான் கூடியது. அங்கே பேசியது எந்த ஊரில் போய் விழுந்தது என்று பார்க்க யாரும் பஸ் ஏறுவதில்லை. சென்ற செப்டெம்பரில் நான் ஏறினேன்.

1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது வேட்பாளருக்கொரு நிறம், நிறத்துக்கொரு வாக்குப்பெட்டி என்றிருந்ததைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இறக்காமத்து விவசாயி ஹனிபா எனக்குச் செய்தி அனுப்பினார்: "எங்கட மூத்தாப்பாவும் பச்சைப் பெட்டியில போட்டவர். எங்கட காணியப் பத்தி அந்தச் சபையில கதைச்சிருக்கு. அந்தப் பக்கத்த எடுத்துத் தர ஏலுமா? வாற திங்கள் விசாரணை."

மட்டக்களப்பிலிருந்து காலை 7.10 பஸ். கல்முனைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம், 190 ரூபாய். கடல் இடப்பக்கம் என்பார்கள். தென்னையும் மதிலும் விட்ட இடங்களில் உண்மைதான்.

பஸ் நிலையத்தில் ஹனிபா காக்கா கடதாசிக் கோவையும் கையுமாக நின்றார்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வயது அறுபதிருக்கும். கோவையில் அவருடைய மூன்று ஏக்கர் வயலின் படங்கள். வயலின் நடுவே, இது வனப்பகுதி என்று வன இலாகா புதிதாக நாட்டிய எல்லைக் கல்; திங்கள் விசாரணை அதைப் பற்றித்தான். அவரிடம் அனுமதிப்பத்திரம் கிடையாது. ஊரில் அந்த வயலின் பெயரே "சபையில் கதைச்ச காணி". சபையில் பேசியாயிற்று என்றால் கிடைத்தாயிற்று என்று அவருடைய பாட்டனாரான மூத்தாப்பா எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் போய்ப் பத்திரம் கேட்பது சபையைச் சந்தேகிப்பதாகும் என்று அவரும் போகவில்லை, மகனான ஹனிபாவின் வாப்பாவும் போகவில்லை. மக்களாட்சியின் மேல் இத்தனை மரியாதை வைத்த குடும்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கல்முனையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலக அலுமாரியில் சபை விவாதத் தொகுதிகள் சில கிடந்தன. அங்கே எழுதுவினைஞராக இருக்கும் நிஸா தூசு தட்டித் தந்தார்.

"இத ஆரும் கேட்டு வந்ததே இல்ல, சேர். உள்ள என்ன இருக்கெண்டு கறையானுக்குத்தான் தெரியும்."

"அப்ப திங்கக்கிழமை அதையே சாட்சிக்குக் கூட்டிப் போவம், பிள்ள," என்றார் ஹனிபா காக்கா.

ஒன்பதரைக்குத் தொடங்கினோம். நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும் நேரம், ஐந்தாவது தொகுதியில் இறக்காமம் என்ற பெயரில் நிஸாவின் விரல் நின்றது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். காடு வெட்டி வயல் செய்தவர்களுக்குக் காணி வழங்கப்படுமா என்று உறுப்பினர் ஒருவர் கேட்கிறார். விடயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று பதில் வருகிறது. அடுத்த கேள்வி வேறெங்கோ ஒரு பாலத்தைப் பற்றியது.

"அவ்வளவுதானா, தம்பி?"

"அவ்வளவுதான், காக்கா."

"திருப்பி ஒருக்கா வாசிங்க. எங்கயாவது ஓம் எண்டிருக்கும்."

வாசித்தேன். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

அவர் கோவையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான்கு மாதத்துக்கு முன் அவருடைய மனுவுக்கு வந்த பதில். அதே வாசகம், இம்முறை தமிழில். இடையில் ஓர் அரசு போய் இன்னோர் அரசு வந்ததாகச் சரித்திரம் சொல்கிறது.

நிஸா பிரதி எடுக்க எழுந்தார்.

"வேணாம் பிள்ள," என்றார் ஹனிபா காக்கா. "வாப்பா மௌத்தாகக்குள்ள, கடைசி மூச்சிலயும் சொன்னவர், பயப்படாத, சபையில கதைச்சிருக்கெண்டு. வீட்டுல கேட்டா, அந்தப் பக்கத்தக் கறையான் திண்டிட்டெண்டு சொல்லுறன்."

திங்களன்று அவர் வெறுங்கையோடு விசாரணைக்குப் போனார். முடிவு வரும்வரை விதைக்கக் கூடாதென்று சொல்லி அனுப்பினார்கள். எப்போது வரும் என்று சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கல்முனையிலிருந்து இறக்காமத்துக்கு ஓட்டோவில் முக்கால் மணி நேரம், போய்வர 4,000 ரூபாய். யானை வரும் வழி. மாலை நான்குக்குள் திரும்பிவிடுங்கள். மாரி விதைப்புக் காலத்தில் சுற்றிலும் பச்சையாக இருக்கும், நடுவில் மூன்று ஏக்கர் மட்டும் தரிசாகக் கிடக்கும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தத் தரிசைக் காட்டி, இது சபையில் கதைச்ச காணி என்று யாராவது சொன்னால், ஓம் என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையை இதுவரை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.