முஷ்டியில் எடுத்த பத்துத் தண்டால்

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருமுனைக் கடையில் சாயாக் கிளாஸைத் தூக்கினேன். அது கையிலிருந்து நழுவிச் சட்டை மேல் கொட்டியது. கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று ஒரு வலி. அதற்கு ஒரு வாரம் முன்பு பந்தயப் பயிற்சியில் வலது கையை ஊன்றி விழுந்திருந்தேன். சுளுக்குதான் என்று தைலம் தடவிக்கொண்டேன்.

தோப்பும்படியில் பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பைக் ரேஸ் ஓட்டுவது என் தொழில் என்று சொல்லிக்கொள்வேன். ஆறு வாரத்தில் பருவத்தின் கடைசிப் பந்தயம் இருந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்த ஆண்டு ஒரு அணி என்னைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பதினோரு வருடம் அதற்குத்தான் காத்திருந்தேன்.

எறணாகுளத்தில் எலும்பு மருத்துவர், கட்டைவிரலை நிமிர்த்தினால் அடியில் விழும் குழியை அழுத்தினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“எக்ஸ்ரேயில ஒண்ணும் காணலை. ஆனா இங்க இவ்வளவு நோவு உண்டெங்கில் உடைவும் உண்டு,” என்றார்.

ஸ்கேன் அவர் சொன்னதையே சொன்னது. படகெலும்பில் (மணிக்கட்டுக்குள் முந்திரிப்பருப்பு அளவில் இருக்கும் எலும்பு) விரிசல். அதற்கு ரத்தம் ஒரு முனையிலிருந்துதான் போகிறதாம். அசைத்தால் மறுமுனை செத்துவிடலாம். பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு.

முந்திரிப்பருப்புக்குப் பன்னிரண்டு வாரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல்கள் எல்லாம் அசைந்தன. பார்க்கிறவர்களும் ‘விரல்தான் அசையுதே’ என்றார்கள். நான்காம் வாரம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து தகரம் வெட்டும் கத்திரியைக் கொண்டுவந்து கட்டை நானே வெட்டினேன்.

என் மனைவி கவிதா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். “இது என்ன சைலன்சரா, தோணும்போது கழட்டி மாட்ட? அந்தக் கட்டு அங்கயே இருந்தோட்டே, கேட்டோ.”

“ரெண்டு வாரம்தான். ரேஸ் முடிஞ்சதும் திரும்பக் கட்டிக்கறேன்.”

அவள் மாவுத்தூளைப் பெருக்கிவிட்டு உள்ளே போனாள்.

விழுந்து அடிபட்ட ஓட்டுநர் பந்தயத்துக்கு முன், பந்தயத் தடத்தில் இருக்கும் தட மருத்துவரிடம் பத்துத் தண்டால் எடுத்துக் காட்ட வேண்டும். இதில் எங்களுக்குள் ஒரு தந்திரம் உண்டு. உள்ளங்கையை ஊன்றினால்தான் மணிக்கட்டு மடங்கும். முஷ்டியை ஊன்றினால் நேராக நிற்கும், வலிக்காது. நான் முஷ்டியில் எடுத்தேன்.

“கராத்தே பழக்கமா?” என்றார் மருத்துவர்.

“ஆமா சார்,” என்றேன். ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எட்டுச் சுற்று. ஆறாவது வரை இரண்டாமிடம். பைக்கில் வேகத்தைக் கூட்டுவதும் வலது கை, முன் பிரேக்கைப் பிடிப்பதும் வலது கை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க அந்த மணிக்கட்டில் வந்து விழும். ஏழாவது சுற்றின் முதல் வளைவில் பிரேக் பிடிக்க விரல்களை மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. நேராகப் புல்லுக்குள் போய்விட்டேன். விழக்கூட இல்லை. விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை இருந்திருக்கும். தடுமாறித் திரும்பி ஒன்பதாவதாக வந்தேன். அணி வேறொருவரை எடுத்துக்கொண்டது.

மறுபடி ஸ்கேன் எடுத்தபோது எலும்பின் பாதி செத்திருந்தது. எலும்பு ஒட்டு (இடுப்பெலும்பில் சிறு துண்டை வெட்டி உடைந்த இடத்தில் பதிப்பது) செய்து திருகாணி போட்டார்கள். நான்கு மாதம் கட்டு. பிறகு இயன்முறைச் சிகிச்சை (இறுகிய மூட்டைப் பயிற்சியால் பழக்குவது). பந்தயத்தில் நொடியைப் பத்தாகப் பிரித்துப் பார்த்தவன் நான். இப்போது சட்டைப் பித்தான் ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆனது. ஒரு வாரம் முழுக்கப் பாடுபட்டால் மணிக்கட்டு ஒரு நூல் அதிகமாக மடங்கும். அடுத்த வாரம் அதுவும் போய்விடும். கோபம் மருத்துவர் மேல், ஒர்க்‌ஷாப் மேல், நலம் விசாரிப்பவர்கள் மேல் எல்லாம் சுற்றிவிட்டு அந்தத் தகரக் கத்திரியிடமே வந்து நிற்கும். கட்டோடு இதை வாசிக்கிறவர்களிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கட்டை வெட்டாதீர்கள், அவ்வளவுதான்.

அந்தப் பந்தயம் முடிந்து பதினான்கு மாதம் கழித்து மீண்டும் அதே தட மருத்துவர் முன் நின்றேன். இன்னொரு அணி, கடைசி வாய்ப்பு. தரையில் குனிந்தபோது கை தானாகவே முஷ்டியாகிவிட்டது. அவர் படிவத்தில் குனிந்திருந்தார். முஷ்டியிலேயே பத்து எடுத்திருக்கலாம். ஆனால் ஏழாவது சுற்றில் எனக்குப் பின்னால் யாராவது நெருங்கி வந்திருந்தால் அவன் கதி என்ன என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு முதன்முதலாக வந்தது. விரல்களைப் பிரித்து உள்ளங்கையை ஊன்றினேன். மூன்று எடுத்தேன். நான்காவதில் முகம் தரையில் இடித்தது.

“எழுந்திருங்க, போதும்,” என்றார். படிவத்தை மூடிவிட்டார்.

நல்ல காரியம் செய்தோம் என்ற நிம்மதியெல்லாம் வரவில்லை. ரயிலில் எறணாகுளம் வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். ஸ்டேஷனுக்குக் கவிதா ஸ்கூட்டர் கொண்டுவந்திருந்தாள்.

“கையெழுத்துப் போட்டாங்களா?”

“இல்ல.”

“எத்தனை எடுத்தீங்க?”

“மூணு. கையை விரிச்சு.”

அவள் வண்டியைக் கிளப்பினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். தோப்பும்படிப் பாலத்தில் மீன் வண்டிகூட எங்களை முந்திப் போனது. பாலம் இறங்கும் இடத்தில் முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று நின்றது. கவிதா பிரேக் பிடித்துவிட்டாள். என் வலது கை காற்றில் நான்கு விரலையும் மடக்கி, இல்லாத பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஆட்டோ நகர்ந்து, ஸ்கூட்டர் நகர்ந்து, எங்கள் தெரு வந்த பிறகும் விடவில்லை.