சலூன் கத்திரி பட்ட கொடி ரோஜா

“கத்திரி பிடிச்சவனெல்லாம் தோட்டக்காரன் ஆயிடறான், நான் என்ன பண்ணுவேன்?”

அத்தை இதைச் சொல்லாத நாளில்லை. குரல் படிப்படியாக ஏறி, ‘பண்ணுவேன்’ என்ற இடத்தில் கிறீச்சிடும். எனக்கு அச்சு அசலாக வரும், அவள் வீட்டில் இல்லாதபோது மட்டும். அத்தை லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். பெட்டி ஆறினாலும் அவள் ஆறமாட்டாள்.

பின்கட்டில் இரும்புக் குழாய்ப் பந்தல் ஒன்று. அதில் இளஞ்சிவப்புக் கொடி ரோஜாவை அவள்தான் ஏற்றிவிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு எங்களிடம் வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கு, பந்தல் இருக்கும் இடத்தில் ஸ்கூட்டர் ஷெட் போட ஆசை.

“வெறும் இலைக்கு எதுக்கும்மா பந்தல்? இந்தத் தடவை பூத்தா இருக்கட்டும். இல்லேன்னா பிரிச்சுடுவேன்” என்று மூக்கால் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா சலூன் வைத்திருப்பவர். உதவியாக இருக்கட்டுமே என்று, அத்தை வேலைக்குப் போன நேரத்தில் கொடிக்கு மிலிட்டரி கட் அடித்துவிட்டார்.

“ஒரே பரட்டையா இருந்துச்சு. லேசா ஒதுக்கி விட்டேன். வெட்டினா வளரும்தானே?”

“வளரும்! பூக்குமா? போன வருஷக் கொம்புலதான்யா இந்த வருஷப் பூ வரும். அத்தனையும் பெருக்கித் தள்ளிட்டு நிக்கிறியே! ஏன், பின்னால கண்ணாடி காட்டி ‘போதுமா’ன்னு கேக்கலையா?”

பிறகு மாமாவுக்குச் சோறு தட்டில் விழும் சத்தம் தெருவரை கேட்டது. கொடியும் பச்சைப் பசேலென்று தளிர்த்தது. ஒரு மொட்டு இல்லை.

ஒரு நாள் காலை வீட்டுக்காரர் கையில் கத்திரியோடு வந்தார்.

“உங்க கொடி ஒண்ணு மதில் தாண்டி வந்து என் வேட்டியைக் கிழிக்குது. அதை வெட்டிடறேன். இங்கதான் பூவே இல்லையே, பந்தலைப் பிரிச்சுடலாம்.”

அத்தை வாளியைக் கவிழ்த்து ஏறி மதிலுக்கு அப்பால் பார்த்தாள். மாமாவின் கைக்கு எட்டாமல் தப்பிய ஒற்றைக் கொம்பு, வீட்டுக்காரரின் துணிக்கொடி முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

“நான் வேணா லேசா...” என்றார் மாமா.

வாளி மேல் நின்றபடியே அத்தை திரும்பினாள்.

“பூத்தா இருக்கட்டும்னு சொன்னீங்க, பூத்துடுச்சு. எந்தப் பக்கம் பூக்கணும்னு சொன்னீங்களா? வேட்டியை வேற எங்கயாவது காயப்போடுங்க. அந்தக் கத்திரியை முதல்ல உள்ள வைங்க சார், ஒரு கொடிக்கு ஒரு சலூன் போதும்!”