மாறிக் கிடந்த வெட்டு

செய்தி வந்த காலையில் அம்மா அடுப்படியில் நின்றபடி அன்றைய பாடத்துக்கான வீடியோவைப் போனில் இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி எடுத்துக்கொண்டு போவாள். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர் எமில்டா டீச்சர். "சிக்னலை நம்பிக் கிளாசுக்குப் போவாதீங்க மக்கா. சோறு கட்டிட்டுப் போறீங்கல்லா, அதுமாதிரி பாடத்தையும் கட்டிட்டுப் போங்க" என்பார்.

வீடியோ பாதி இறங்கியிருந்தபோது டீச்சர்மாரின் குழுவில் அந்த வரி வந்தது. எமில்டா டீச்சருக்கு மூளையில் ரத்தக் கசிவு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், விடியற்காலை போய்விட்டார் என்று போட்டிருந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டி, "நீ வாசிச்சுப் பாரு பிள்ள, எனக்குக் கண்ணு செரியாத் தெரியல" என்றாள். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வீடியோ இறங்கி முடிந்ததற்கான மணி அடித்தது. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள்.

"லீவு போடலியாம்மா?"

"இதுக்கு லீவு போட்டா அவியளே ஏசுவாவ. சாயங்காலம் நேரா அங்க போறேன்."

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் எமில்டா டீச்சரிடம் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். நான் ஆசிரியர் இல்லை, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, குலசேகரத்தில் சனிக்கிழமைதோறும் நடந்த பயிற்சியில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். அது நான்தான். என் அம்மா விஜிலா டீச்சர். தனியாகப் போகப் பயந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

முப்பத்தொன்பதாவது வயதில்தான் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. முதல் பள்ளியே எங்கள் குலசேகரத்திலிருந்து பார்த்தால் மாவட்டத்தின் மறுகோடியில், அஞ்சுகிராமம் பக்கம். பஸ் மாறி மாறிப் போவதுகூட அவளுக்குப் பெரிதாக இல்லை. வகுப்பில் இருந்த பெரிய திரையையும் மடிக்கணினியையும் பார்த்துத்தான் நடுங்கினாள். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்கு அவற்றைப் பழக்குவதுதான் எமில்டா டீச்சரின் பணி. பயிற்சி வெறும் பேச்சாகப் போகக் கூடாது என்று அந்தப் பகுதிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரையும் வரச் சொல்லிவிடுவார். ஆசிரியர்கள் அவர்களுக்குத்தான் பாடம் நடத்திப் பழக வேண்டும்.

முதல் நாள் எல்லாரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னார்கள். பெரும்பாலும் கல்லூரி முடித்துச் சில ஆண்டுகளே ஆன அக்காமார். அம்மாவின் முறை வந்தது. "இதுக்கு முன்னால வீட்டுல சும்மாதான் இருந்தேன்" என்றாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன். அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அப்பாவோடு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போனவள் அவள். தேர்வுக்குப் படித்ததெல்லாம் மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் நிறையும்வரை மரத்தடியில் காத்திருந்த நேரத்தில்தான். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் மறுபடி குனிந்துகொண்டேன்.

அன்று எமில்டா டீச்சர் தன்னைப் பற்றிச் சொன்னது வேறு மாதிரி இருந்தது. அவர் கடற்கரை ஊர்க்காரர். அப்பா கட்டுமரத்திலும் பிறகு வள்ளத்திலும் போய் மீன் பிடித்தவர். "எங்கப்பா முதமுத ஜி.பி.எஸ். வாங்கிட்டு வந்தப்ப நாங்க எல்லாரும் அதச் சுத்தி நின்னு பாத்தோம். அவரு என்ன செய்தாரு தெரியுமா? ஒரு மாசம் தனக்கு நல்லாத் தெரிஞ்ச எடத்துக்கு மட்டும்தான் அதக் கேட்டுக் கேட்டுப் போனாரு. தெரிஞ்ச எடத்த அது செரியாச் சொல்லுதான்னு பாத்த பெறவுதான் தெரியாத எடத்துக்கு நம்பினாரு. நீங்களும் அப்பிடிப் பழகுங்க" என்றார். கடலைப் பற்றிய கதை என்பதால் நான் அதை என் நோட்டில் எழுதி வைத்தேன். அதற்குள் வேறொன்று இருப்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்தடுத்த வாரங்கள் அம்மாவுக்கு நன்றாகப் போகவில்லை. எந்த வயரை எங்கே செருக வேண்டும் என்பது பிடிபடவே இல்லை. ஒருநாள் தாவரங்களைப் பற்றிய படத்தைக் காட்டுவதற்காகப் போனைத் திரையோடு இணைத்தாள். திரையில் வந்தது துபாயில் இருக்கும் என் மாமாவின் பிறந்தநாள் வீடியோ. மாமா தொப்பி வைத்துக்கொண்டு கேக் வெட்டினார். அறையே சிரித்தது. அம்மா நிறுத்தத் தெரியாமல் போனைத் தட்டத் தட்ட, பாட்டுச் சத்தம் கூடிக்கொண்டே போனது.

எமில்டா டீச்சர் எழுந்து வந்து மெதுவாக நிறுத்தினார். "நல்ல கேக்கு. எனக்கொரு துண்டு பார்சல் அனுப்பச் சொல்லு" என்றார். பிறகு அறையைப் பார்த்து, "கேட்டுக்கிடுங்க, இந்தப் பொட்டியில இருக்கியதுலயே நல்ல பட்டன் நிறுத்துற பட்டன்தான். முத அது எங்க இருக்குன்னு பாத்து வச்சிட்டுதான் ஓட்டணும்" என்றார். சிரித்தவர்களெல்லாம் அதை எழுதிக்கொண்டார்கள்.

அம்மா எழுதவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, "எனக்கு இது ஒத்து வராது பிள்ள. பிள்ளைகளுக்கு முன்னால நின்னு முழிச்சா அதுகளுக்கும் கேடு. கடைசி சனிக்கிழமை பாடத்த எடுத்திட்டு எழுதிக் குடுத்திருதேன். அப்பாக்ககூட வேலைக்கே போறேன்" என்றாள். எழுதிக் கொடுக்கப் போவது ராஜினாமாக் கடிதம். நான் நிறையப் புத்தகம் படிக்கிறவள், நல்ல தமிழில் எழுதுவேன் என்று அதை என்னையே எழுதச் சொன்னாள். நான் அழுதுகொண்டே எழுதினேன். ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். அதை மடித்து என் நூலகப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசி சனிக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு முழுப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அம்மாவுக்குக் கிடைத்தது நம் மாவட்டத்துத் தொழில்கள் என்ற பாடம். அதற்கான வீடியோவை எமில்டா டீச்சரே தயார் செய்து கொடுத்திருந்தார். ரப்பர் பால்வெட்டு. யாரோ தெரிந்தவர் எடுத்து அனுப்பியதை டீச்சர் தன் போனில் வெட்டி, ஒட்டி, சுருக்கியிருந்தார்.

அம்மா வயரைச் சரியாகச் செருகினாள். வீடியோ ஓடியது. மரம் பெரிதாகத் தெரிந்தது, கத்தி பட்டையைச் சீவியது, பால் கசிந்தது. அப்போது எனக்கு என்னவோ உறுத்தியது. அம்மாவைப் பார்த்தேன். அவள் முகமும் ஒரு நொடி மாறியது. ஆனால் எதுவும் சொல்லவில்லை. பேசிக்கொண்டே போனாள்.

முன் வரிசையில் மூன்றாம் வகுப்பு அபிஷா கையைத் தூக்கினாள். "டீச்சரே, வெட்டு மாறிக் கெடக்கு."

அம்மா கேளாதது போல மேலே பேசினாள்.

"நிறுத்து விஜிலா டீச்சர்" என்றது பின்னாலிருந்து எமில்டா டீச்சரின் குரல். அம்மா இந்த முறை சரியான பொத்தானை அழுத்தினாள். படம் நின்றது. "நீ சொல்லு மக்கா. என்ன மாறிக் கெடக்கு?"

"எடது பக்கம் மேல தொடங்கி வலது பக்கம் கீழ வரணும் வெட்டு. இது தலமாறிக் கெடக்கு. எங்க அம்ம இப்பிடி வெட்டினா சூப்பர்வைசர் சும்மா விடமாட்டாரு."

"அந்த ஆளு இடதுகைக்காரரா இருக்கும்" என்றார் எமில்டா டீச்சர்.

"எந்தக் கைன்னாலும் வெட்டு ஒரு பக்கம்தான் சரியும்" என்றாள் அபிஷா. அவளுக்கு எமில்டா டீச்சரின் மேல் கொஞ்சம் இரக்கமே வந்துவிட்டது போலிருந்தது. "ஒங்க ஊருல ரப்பர் இல்லியா டீச்சரே?"

பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் யாராவது பால்வெட்டப் போவார்கள். எமில்டா டீச்சர் எழுந்து வந்து வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து முதலில் வந்த வீடியோவைத் தேடினார். அதில் வெட்டு சரியாகத்தான் இருந்தது. சுருக்கும்போது, படத்தை இடவலமாகத் திருப்பும் பொத்தானில் அவர் கை பட்டிருக்கிறது. எழுத்து ஒன்றும் இல்லாத வீடியோ என்பதால் அது அவர் கண்ணில் படவே இல்லை.

"எங்கப்பா சொன்னத நானே மறந்துட்டேன் பாத்தியளா" என்றார். "எனக்குத் தெரியாத எடத்துக்குப் பொட்டிய நம்பிப் போயிருக்கேன்." அதை அவர் வெட்கப்படாமல், ஏறக்குறைய மகிழ்ச்சியோடு சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒனக்கு இது தெரிஞ்சுதா, டீச்சர்?"

அம்மா தரையைப் பார்த்தாள். "தெரிஞ்சுது."

"எப்பிடித் தெரியும்?"

"நான் பன்னெண்டு வருசம் பால்வெட்டினவளாக்கும்." அம்மா நிமிர்ந்தாள். "அன்னைக்குச் சும்மா இருந்தேன்னு சொன்னேன். பால்வெட்டுன்னு சொல்ல வெக்கமா, கொறச்சலா இருந்துச்சு."

"பெறவு ஏன் இத நிறுத்தல?"

"நீங்க தந்த வீடியோ. மிசின்ல வருது. எனக்குத்தான் தப்பாத் தெரியுதுன்னு நெனச்சேன்."

எமில்டா டீச்சர் மேசையிலிருந்து அடிக்கோலை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தார். "இந்தா, கத்தி. திரையில மரம் நிக்குது. செரியா வெட்டிக் காட்டு." அம்மா முதலில் தயங்கினாள். பிறகு திரையின் முன்னால் போய், உடம்பைச் சாய்த்து, காலை மாற்றி வைத்து, அடிக்கோலால் வெட்டத் தொடங்கினாள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எங்கே நிறுத்தாவிட்டால் மரத்துக்குக் காயம், மழைநாளில் என்ன செய்வது என்று பேசிக்கொண்டே போனாள். பிள்ளைகள் இடையிடையே பாய்ந்தார்கள். மடிக்கணினி வைத்திருந்த அக்காமார் அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். என் அம்மா வீட்டில் பேசுகிற குரலில் ஒரு வகுப்பில் பேசியதை அன்றுதான் நான் கேட்டேன்.

முடிந்ததும் எமில்டா டீச்சர் கடைசி பெஞ்சுக்கு வந்தார். "ஏட்டி, நீயும் கண்டியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"புத்தகத்துக்குள்ள தலைய விட்டா யாரும் பாக்கமாட்டாவன்னு நெனச்சியா?"

"அம்மாக்குக் கொறச்சல் ஆவும்னு..." என்று இழுத்தேன்.

"சொல்லாம இருந்தா பிள்ளைய எல்லாம் தப்பான வெட்டப் படிச்சிட்டுப் போவும். அதுல்லியா கொறச்சல்?" என்று சொல்லி என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

அம்மாவிடம் ஒரு வேலை மட்டும் கொடுத்தார். தோட்டத்துக்குப் போய், தன் போனில், தன் குரலில், பால்வெட்டை அவளே படமெடுத்து வர வேண்டும். மறுநாளே அம்மா உட்கார்ந்து எந்தக் காட்சிக்குப் பிறகு எது என்று எழுத ஒரு தாள் கேட்டாள். என் புத்தகத்திலிருந்து மடித்த தாள் ஒன்றைத் தானே எடுத்தாள். அது எது என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எழுதினாள்: ஒன்று, மரம். இரண்டு, கத்தியைத் தீட்டுவது. அப்பாதான் வீடியோவில் வெட்டுகிறவர். கூச்சத்தில் கடைசிவரை கேமராவைப் பார்க்கவே இல்லை.

அந்த வீடியோவை அம்மா அஞ்சுகிராமத்துப் பள்ளியில் காட்டினாள். ரப்பர் மரத்தையே பார்க்காத பிள்ளைகள் நூறு கேள்வி கேட்டார்களாம். பதிலுக்கு அவர்கள் தங்கள் ஊர்க் காற்றாலைகளைப் படம் பிடித்து, பேசி, குலசேகரத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். இப்படி மாற்றி அனுப்பும் யோசனை எமில்டா டீச்சருடையது. அபிஷா அதிலும் ஏதாவது தப்பு கண்டுபிடித்தாளா என்று அவர் மறக்காமல் விசாரித்தார்.

அவருடைய துக்க வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. தலைமாறிய அந்த வீடியோவை அவர் அழிக்கவே இல்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குழுவுக்கும் முதல் நாள் அதைத்தான் காட்டியிருக்கிறார். யாராவது நிறுத்தச் சொல்கிறார்களா என்று காத்திருப்பாராம். யாரும் சொல்லாவிட்டால், தான் செய்த தவறை ஒன்று விடாமல் தானே சொல்வாராம். அங்கே கூடியிருந்த டீச்சர்மார் இதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள், நடுவில் சிரிக்கவும் செய்தார்கள்.

வருகிற சனிக்கிழமை புதிய குழு வருகிறது. முதல் வகுப்பை எடுக்க அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். அவள் மறுக்கவில்லை. அந்தப் பழைய வீடியோவை வாங்கி, நேற்றே போனில் இறக்கி வைத்துவிட்டாள். தன்னை அறிமுகப்படுத்தும்போது என்ன சொல்வது என்று எழுதித் தரும்படி என்னிடம் கேட்கவும் இல்லை.

எமில்டா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். போன வாரம் எங்கள் வகுப்பில் சார் திரையில் ஒரு பாடம் ஓட்டினார். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழைதான், மற்றப் பருவத்தில் மழை அநேகமாக இல்லை என்று அந்தக் குரல் சொன்னது. வெளியே பார்த்தேன். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவத்திலும் மழை கொட்டும். ஆனி, ஆடியில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் வந்த நாற்பது பேர் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தோம். புத்தகத்தை மூடிவிட்டுக் கையைத் தூக்கினேன்.

சார் நிறுத்தினார்.