போன மாதம் எத்தனை நாள் குடித்தீர்கள்?

முன்பின் தெரியாத மனுஷர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, "போன மாதம் எத்தனை நாள் குடித்தீர்கள்?" என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைத்தவர்களே, இதைவிடக் கேடுகெட்ட உத்தியோகம் உங்களில் யாருக்காவது வாய்த்ததா? சாராயக்கடைகள் திறந்த புதிது. குடியால் மனசு என்ன பாடு படுகிறது என்று ஒரு கல்லூரியில் ஓராண்டு ஆராய்ச்சி. காரைக்குடியைச் சுற்றி மாதா மாதம் அதே வீடுகள், அதே கேள்விகள். கையில் பேப்பர் இருந்ததால் நான் எல்லோருக்கும் டீச்சர்.

பேப்பரில் இடமிருக்கு

செக்காலைப் பகுதியில் லாரி மெக்கானிக் முத்தையா. கேள்வியைக் கேட்டதும், "அந்தக் கருமத்தை நான் தொடுறதே இல்லை" என்று பூஜ்யம் போடச் சொன்னார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போடும்போது கை வெடவெடவென்று ஆடியது. மோர் கொண்டுவந்த அவர் மனைவி வள்ளியம்மை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சம்பந்தப்பட்டவர் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும், அதுதான் எங்கள் விதி என்றேன். அவள் விடுவாளா?

"இவுக சொல்றதை முன்பக்கம் எழுதுங்க டீச்சர், நான் சொல்றதைப் பின்பக்கம் எழுதுங்க. பேப்பர்ல இடமா இல்லை?"

காரணமில்லாத அழுகை

"காரணமில்லாமல் அழுகை வருகிறதா?" என்பது பன்னிரண்டாம் கேள்வி. எங்கள் பேராசிரியர் எழுதியது. அமராவதிபுதூரில் ஒரு விவசாயி அதைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மாட்டைக் கட்டிவிட்டு வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"காரணமில்லாம எவனாச்சும் அழுவானா டீச்சரம்மா? எனக்குக் காரணம் ஏகப்பட்டது கிடக்கு, சாவகாசமா எழுதுங்க."

கேட்ட குற்றம்

இரண்டாம் மாதம் முத்தையா வீட்டில் கதவோரம் ஒரு டிரங்குப் பெட்டி, துணிமணியோடு தயாராக இருந்தது. வள்ளியம்மை இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பாளாம். தேறாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேவகோட்டைக்கு, அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாளாம். அன்றைக்குத்தான் முத்தையா முதல்முறையாக உண்மையைச் சொன்னார்: இருபத்திரண்டு நாள். பன்னிரண்டாம் கேள்வி வரும் முன்னாலேயே அழுதுவிட்டார்.

அடுத்த மாதம் பதினாலு, அப்புறம் ஆறு. "டீச்சர் வந்து கேப்பாகளேன்னு கடை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். ஆராய்ச்சிக்குத்தான் அனுப்பினேன், ஆளைத் திருத்துவதற்கு அல்ல என்று குதித்தார் மனுஷர். கேட்டதைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை சார் என்றேன்.

"அப்படியென்றால் கொஞ்சம் சுரத்தில்லாமல் கேளம்மா!"

கடைசிப் படிவம்

ஆண்டு முடிந்தது. அந்த மாதம் முத்தையா குடித்தது ஒரே நாள். பெட்டி மட்டும் கதவோரத்தை விட்டு நகரவில்லை. "இனிமேல் நான் வரமாட்டேன்" என்றதும் அவர் முகம் செத்துவிட்டது. வள்ளியம்மை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். எழுந்து போனேன். ஒரு வருஷம் அவள் கை மோரைக் குடித்தவள் நான்.

"பேப்பர் இல்லாட்டிப் போகுது டீச்சர். மாசம் ஒருவாட்டி சும்மா இங்குட்டு வாரீக, கேக்குறீக, போறீக. பெட்டியை நான் உள்ள எடுத்து வச்சிர்றேன்."

ஆராய்ச்சிக்கு ஓராண்டு போதுமானதாக இருந்தது. அந்தக் கேள்வி தேவையில்லாமல் போக எனக்கும் முத்தையாவுக்கும் ஆறாண்டு பிடித்தது.