தேனீக்கு வழி மறக்குமா?

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, தேர்வாய் கண்டிகை போகும் வழியில் இரண்டு ஏக்கர் நெல் நிலம் வைத்திருந்தவள் செங்கம்மாள். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். 1967இல் திருவள்ளூரில் நடந்த தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போனவள், ஒரு தேனீப் பெட்டியோடு திரும்பினாள். கிணற்றோரம் புங்கமரத்தடியில் அதை வைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து அவள் கணவன் துளசிராமன் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் போட ஏற்பாடு செய்தான். மோட்டார் கொட்டகைக்கு அந்தப் புங்கமரத்தடிதான் வேண்டும். அளவெடுக்க வந்த கொத்தனாருக்கு ஈ கொட்டி உதடு வீங்கிப்போனது.

"பெட்டிய தோப்புக்கு மாத்திடு. இல்லன்னா எவனும் வேலைக்கு வரமாட்டான்" என்றான் துளசிராமன்.

தென்னந்தோப்பு இருநூறு தப்படி தூரம்தான். பொழுது சாய்ந்து ஈக்கள் எல்லாம் அடைந்ததும் பெட்டியைத் தூக்கிப் போய் அங்கே வைத்தாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், பெட்டி இல்லாத புங்கமரத்தடியில் ஒரு கூட்டம் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. பெட்டி இருந்த உயரத்திலேயே, வெறும் காற்றில்.

இவை தன் பெட்டி ஈக்கள்தானா? செங்கம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. அரிசி மாவை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். பெட்டி வாசலில் வெளியே வரும் ஈக்கள்மேல் லேசாகத் தூவினாள்.

"இன்னாமே, ஈக்குப் பவுடர் பூசிக்கினு இருக்கே?" என்று சிரித்தான் துளசிராமன்.

"நீங்க சும்மா இருங்க."

கிணற்றடிக்கு ஓடிவந்து காத்திருந்தாள். சற்று நேரத்தில் முதுகு வெளுத்த ஈக்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்தன.

"பாத்தீங்களா? பெட்டிய தேடலைங்க இதுங்க. எடத்த தேடுதுங்க!"

அன்று மாலையே பெட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். தவித்துக்கொண்டிருந்தவை எல்லாம் முட்டி மோதி உள்ளே நுழைந்தன. கொட்டகை வேலை நின்றது. துளசிராமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவளோ வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். பழகிய மரம், பழகிய வயல் எதுவுமே கண்ணில் படாத ஊருக்குக் கொண்டுபோனால் எங்கே திரும்பிப் போகும்?

எளாவூரில் அவள் தங்கை அஞ்சம்மாள் இருந்தாள். பெட்டி வாசலைக் கொசுவலைத் துணியால் கட்டி, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, விடியற்காலையில் கிளம்பினார்கள். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினார் ஒரு காவலர்.

"இன்னாம்மா பெட்டில?"

"தேன் ஈ, சார்."

"தொற, பாக்கணும்."

"தொறக்கறேன் சார். மூடறது நீங்கதான்."

அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். சட்டென்று நிமிர்ந்தார்.

"எங்க இட்னு போறே?"

"தங்கச்சி ஊட்டுக்கு."

"எதுக்கு?"

"வழி மறக்க வெக்கதான்."

அவர் சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பினார்.

மூன்று வாரம் பெட்டி அஞ்சம்மாள் வீட்டு முருங்கை மரத்தடியில் இருந்தது. திரும்பிவந்ததும் நேராகத் தோப்பில் வைத்தார்கள். மறுநாள் பொழுது விடிந்ததும் செங்கம்மாள் கஞ்சிகூடக் குடிக்காமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். உச்சிவேளைக்குள் வந்தவை பதினோரு ஈக்கள். மறுநாள் நாலு. அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. கொத்தனாருக்கு அவளே ஆள் அனுப்பினாள்.

ஆனால் அவளுக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பழைய வழி மறந்துபோனதா, வழி தெரிந்த கிழட்டு ஈக்கள் செத்துப்போயினவா? பயிற்சி கொடுத்த அதிகாரியைத் தேடிப்போய்க் கேட்டாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "இதுவரைக்கும் யாரும் கேக்கலம்மா" என்றார்.

அடுத்த வருடம் பெட்டியை மறுபடி எளாவூருக்கு ஏற்றினாள். இந்த முறை வண்டிச் சக்கரத்துக்குப் பூசும் சிவப்புப் பெயிண்டைத் தென்னங்குச்சியால் தொட்டு, இருபது ஈக்களின் முதுகில் பொட்டு வைத்திருந்தாள். எட்டுக் கொட்டு வாங்கினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு பெட்டியைத் தோப்பின் மறுகோடியில் இறக்கிப் பார்த்தபோது பொட்டோடு இருந்தவை மூன்றுதான்.

"அப்போ பாதிக்குமேல செத்துதான் போவுது" என்றாள் கணவனிடம், ஏதோ புதையல் கிடைத்த முகத்தோடு. அவளுடைய வீங்கிய விரல்களுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான் அவன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "மிச்சம் மூணு எந்தப் பக்கம் போச்சு, பழைய எடத்துக்கா, புதுசுக்கா?" என்று கேட்டான்.

எழுபதுகளின் நடுவில் தொழிற்சாலைகளுக்காக நிலங்களைச் சமன்செய்யத் தொடங்கியபோது, பெட்டி வைத்திருந்த மூன்று குடும்பங்கள் செங்கம்மாளைத்தான் தேடிவந்தன. துளசிராமன் வண்டி ஓட்ட, ஏழு பெட்டிகளை அவளே புது இடங்களுக்குக் கொண்டுபோய் வைத்தாள். ஆறு நன்றாகப் பிழைத்தன. ஏழாவதில் இருந்த கூட்டம் இரண்டாம் நாளே மொத்தமாகப் பறந்துபோனது. உள்ளே தேனும் இருந்தது, ஈக்குஞ்சுப் புழுவும் இருந்தது. ஏன் போயின என்று தேனடையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் செங்கம்மாள்.