வட்டம் போட்ட கை

என் மேஜை இழுப்பறையில் ஒரு நீல மார்க்கர் கிடக்கிறது. அதன் மூடியில் பல் பட்ட தடங்கள் இருக்கின்றன. இரண்டு கையும் மீனில் இருக்கும்போது மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தே பழகிய ஒருவரின் தடங்கள் அவை. எத்தனை முறை துடைத்தும் இறால் வாடை போகவில்லை. ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு நான் கணினி வேலைக்குச் சேர்ந்தபோது அந்த மார்க்கர் அவருடைய மேலங்கிப் பையில் இருந்தது. கம்பெனிக்கு அவர் கியூசி மேடம். வருகிற மீனின் தரத்தைப் பார்த்து அனுப்புபவர். எனக்கு லாத்தா. வாரநாட்களில் கட்டுமாவடியில் அவர் வீட்டு மாடியறையில்தான் தங்கியிருந்தேன். அவருடைய தங்கை அக்காவைக் கூப்பிடுகிற அந்தச் சொல் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தெர்மாகோல் பெட்டியைத் திறப்பார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். கட்டைவிரலால் மீனின் வயிற்றை அழுத்தி, குழி எழும்புகிறதா என்று ஒரு நொடி காத்திருப்பார். பிறகு மூடியில் ஒரே ஒரு குறி. டிக் என்றால் பாஸ். பெருக்கல் குறி என்றால் ரிஜெக்ட். முதலாளியே வந்து நின்றாலும் மாறாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டம் உண்டு. மீன் நல்ல மீன்தான், ஐஸ் பத்தவில்லை, மறுபடி ஐஸ் போட்டுக் கொண்டுவா என்று அதற்கு அர்த்தம். இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்: "பேக் பண்ணுன கை பாஸ் போடக் கூடாது." ஆள் குறைந்த ஒரு நாளில் நானும் பெட்டி அடுக்கினேன். அவர் மதிய லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். லாரி நிற்கிறதே என்ற அவசரத்தில் மேஜையிலிருந்த மார்க்கரை எடுத்து, நான் அடுக்கிய பெட்டிகளுக்கு நானே டிக் போட்டுவிட்டேன். திரும்பி வந்தவர் அத்தனை பெட்டியையும் பிரித்துப் பார்த்தார். லாரி ஒரு மணி நேரம் உறுமிக்கொண்டு நின்றது. கடைசியில் சொன்னார்: "நல்லாத்தான்டி இருக்கு. ஆனா அதை நீ சொல்லக் கூடாது."

நான் அரைக்கிணறு தாண்டுகிறவள். நானாகச் சொல்லவில்லை, அம்மா சொன்னது. திருக்கோகர்ணம் வீட்டு அலமாரியைத் திறந்தால் அதற்கு ஆதாரம் அடுக்கடுக்காக இருக்கும்: பாதிவரை அடிக்கோடிட்ட போட்டித் தேர்வுப் புத்தகங்கள், முதல் பாகத்தோடு நின்ற பிரெஞ்சு, கம்பி அறுந்த வீணை. எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வேன், அதே வேகத்தில் விட்டும்விடுவேன். அப்படித்தான் ஒரு சாயங்காலம் பேருந்தில் வரும்போது மொபைலில் ஒரு வீடியோ பார்த்தேன். அறந்தாங்கி வந்து சேர்வதற்குள் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கடலில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கும் மேலே நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில், எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கையில் இருந்தது ஏழு வாரம். அம்மாவிடம் போனில் சொன்னேன். "சரி, அதையும் பாதியில விட்டுட்டு வா, சோறாக்கி வைக்கிறேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்று தைத்துவிட்டது. இந்த ஒன்றையாவது கடைசிவரை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவுசெய்தேன்.

லாத்தா கேட்டது ஒரே கேள்வி. "எதுக்குடி?"

"சும்மாதான் லாத்தா."

"சும்மாவா இம்புட்டுத் தூரம் போவாங்க?"

ஆனால் அன்றிரவே என் மொபைலை வாங்கிப் போட்டியின் விதிமுறைகளைப் படிக்கத் தொடங்கிவிட்டார். நான் ஒரு பக்கம்கூடத் திறந்து பார்க்காத முப்பது பக்கம். எந்த நாட்டுக்கு மீன் போனாலும் அந்த நாட்டு விதியை முதலில் படிப்பது அவர் தொழில் புத்தி. அடுப்படியில் நின்றபடியே உரக்கச் சொல்வார். "மூச்சு முட்டுனா காவலுக்கு வர்ற படகைப் புடிச்சுக்கலாமாம். ஆனா படகு நகரக் கூடாதாம். புடிச்சுக்கிட்டே முன்னாடி போனா அவுட்டு. கேக்குதா?" முற்றத்தில் சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு நான் "ம்" என்பேன். பெரியப்பா மகனிடம் இரவல் வாங்கிய கியர் சைக்கிள் அது. அதை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்டு மந்தைக்கும் எதிர்காற்றுக்கும் நடுவே மிதித்தேன். அதிகபட்சமாகப் போனது நாற்பது கிலோமீட்டர். ஓட்டம் அதைவிட மோசம். இரண்டு சனிக்கிழமை நான் பயிற்சிக்குப் போவதற்காக என் வேலையையும் சேர்த்து லாத்தாதான் பார்த்தார். முதலாளி கேட்டதற்கு, "அந்தப் புள்ளைக்குக் காச்சல்" என்று சொல்லாமல், "அந்தப் புள்ள ஓடுது" என்று உள்ளதையே சொல்லியிருக்கிறார்.

நீச்சலில்தான் எனக்கு அபார நம்பிக்கை. மாமா தோட்டத்துக் கிணற்றில் கற்றவள் நான். விடிந்ததும் லாத்தா கரையேற்றிய வள்ளத்தின் விளிம்பில் பிளாஸ்கோடு உட்கார்ந்துகொள்வார். நான் இறங்குவேன். கட்டுமாவடிக் கடலைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது அலையடிக்காத கடல். கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே போனாலும் தண்ணீர் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவிலேயே நிற்கும். நீந்துவேன், மூச்சு வாங்கும், காலை ஊன்றுவேன். விரல் இடுக்கில் சேறு குளுகுளுவென்று ஏறும். நாலு மூச்சு விட்டுவிட்டு மறுபடி பாய்வேன். ஐந்தாவது வாரம் கைக்கடிகாரம் முழுத் தூரத்தையும் காட்டியபோது தண்ணீரிலேயே குதித்தேன்.

"பதினாலு தடவை நின்னே" என்றார் லாத்தா.

"ரெஸ்ட் லாத்தா அது."

"எனக்கு நீச்சல் தெரியாது. மீனைப் பத்திக் கேளு, சொல்றேன். ஆனா அங்கிட்டும் தரை இருக்குமாடி?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிளாஸ்கைத் திருகி மூடிக்கொண்டே, "ஐஸ் பத்தலை" என்று மட்டும் சொன்னார்.

போட்டி சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில். முந்தின நாளே லாத்தாவும் என்னோடு பேருந்து ஏறிவிட்டார், மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு. உள்ளே எங்கள் ஊர் ஐஸ் பிளாண்ட்டின் கட்டி ஐஸ். "முடிஞ்சதும் காலை இதுக்குள்ள விடணும், படிச்சேன்." காலையில் ஒரு தன்னார்வலப் பெண் கறுப்பு மார்க்கரால் என் கையில் எண்ணை எழுதினாள். லாத்தா குனிந்து பார்த்து, "இந்த மை ஈரத்துல நிக்காது" என்று தீர்ப்பு சொன்னார். அப்போது சிரித்ததுதான். அடுத்த சிரிப்புக்கு வெகுநேரம் ஆயிற்று.

அலையைத் தாண்டுவதற்குள்ளேயே பாதி மூச்சு போயிருந்தது. முதல் மிதவை இன்னும் எட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், யோசிக்கக்கூட இல்லை, காலை ஊன்றினேன். ஒன்றுமில்லை. கால் போய்க்கொண்டே இருந்தது. தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. என் கால் தேடிய தரை கட்டுமாவடியிலேயே இருந்தது. உப்பைக் குடித்து, இருமி, கையைக் காலை உதறி மேலே வந்து கத்தினேன். ஒரு சின்னத் துடுப்புப் படகு பக்கத்தில் வந்தது. "ஏறிக்கிறீங்களா?" என்று அதிலிருந்தவர் கை நீட்டினார். ஏறினால் அதோடு முடிந்தது. நானும் கையை நீட்டிவிட்டேன். அந்த நொடியில், தாளிக்கிற சத்தத்தோடு சேர்ந்து அந்தக் குரல் கேட்டது: படகைப் புடிச்சுக்கலாமாம், நகரக் கூடாதாம். நீட்டிய கையை அவர் கையில் கொடுக்காமல் படகின் மூக்கைப் பிடித்தேன். "ஏறலை. நகத்தாதீங்க, ப்ளீஸ்" என்றேன். அவர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் மூச்சை எண்ணினேன். அதன் பிறகும் மூன்று முறை படகைப் பிடித்தேன். கரையேறும்போது நீச்சலுக்கான நேரத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் லாத்தா முழங்கால்வரை பர்தா நனைய நின்றிருந்தார். உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஓதலை நிறுத்தி, "ஓடு" என்றார்.

தொண்ணூறு கிலோமீட்டரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அறுபதுக்கு மேல் காற்று ஜெயித்தது, எப்படியோ முடித்து இறங்கினேன். ஓட்டம் ஒரே பாதையில் மூன்று சுற்று. உச்சி வெயில். ஒவ்வொரு சுற்றிலும் லாத்தா இருந்த இடத்தைக் கடக்க வேண்டும். அவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"லாத்தா, ஒரே ஒரு துண்டு. தலையில வைக்க."

"வெளியாளு எதையும் குடுக்கக் கூடாது. இருபத்திரண்டாம் பக்கம்."

"யாரும் பாக்கலை லாத்தா!"

"நான் பாக்குறேன்ல?"

இரண்டாம் சுற்றில் அழுதுகொண்டே, "நீங்கல்லாம் மனுஷியா?" என்று கத்தினேன். "திட்ட மூச்சு இருக்குல்ல? அப்ப ஓடு" என்றார். ஓடும்போதுதான் கவனித்தேன். அந்த வெயிலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அவரும் அந்தப் பெட்டியை ஒருமுறைகூடத் திறந்திருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு நான் ஐஸ் கேட்கவில்லை.

கடைசிச் சுற்றில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலே பாக்கி இருக்கும்போது கைக்கடிகாரத்தில் எட்டரை மணி நேரம் தாண்டியது. ஒரு வேன் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. "டைம் முடிஞ்சிருச்சு மேடம், ஏறிக்கங்க." நின்றேன். எத்தனையோ முறை இப்படி நின்றிருக்கிறேன். தேர்வறை வாசலில், வீணை டீச்சர் வீட்டுப் படியில். அரைக்கிணறு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "இல்லண்ணே, நான் ஓடியே வாரேன்" என்றேன். வேன் போனது. அப்போது சாலையோரத்திலிருந்து பர்தாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பெட்டியோடு ஒருவர் ஓடி வந்தார்.

"டைம் முடிஞ்சிருச்சுல்ல? இனிமே வெளியாளு கணக்கெல்லாம் கிடையாது!"

பாதி கரைந்திருந்த எங்கள் ஊர் ஐஸை அள்ளி என் தொப்பிக்குள் திணித்தார், பிடரியில் தேய்த்தார், ஒரு துண்டை என் வாயில் போட்டார், ஒன்றைத் தன் வாயிலும் போட்டுக்கொண்டார். ஐஸ் கடித்துக்கொண்டே இரண்டு பேரும் ஓடினோம். ஓட்டம் என்று சொல்ல முடியாத ஓட்டம். முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் யாரோ ஒருவர் அதைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். பதினோரு நிமிடம் தாமதம். பதக்கம் இல்லை, முடித்தவர்கள் பட்டியலிலும் பெயர் இல்லை.

நான் தரையில் கிடந்தேன். எழுதிய எண் கையில் பாதி அழிந்திருந்தது. லாத்தா தன் துப்பட்டாவால் அந்த இடத்தைத் துடைத்தார். பையிலிருந்து நீல மார்க்கரை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். டிக் போடப்போகிறார் என்று கையை நன்றாக நீட்டினேன். அவர் ஒரு வட்டம் போட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மீன் நல்ல மீனுதான்டி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டது வியர்வைக்காகத்தான் என்று அவர் சொன்னதை இன்றுவரை நான் மறுத்ததில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "கிணத்தைத் தாண்டிட்டியா?" என்றாள். "தாண்டிட்டேன்மா. கொஞ்சம் லேட்டு." "சாப்டியா?" என்றாள். அந்த வட்டம் மூன்று நாள் கையில் இருந்தது. அந்த மை ஈரத்தில் நிற்கும்.

இப்போது லாத்தா ஷார்ஜாவில் கணவரோடு இருக்கிறார். போகும்போது என்னைத் தரம் பார்க்கக் கற்றுக்கொள்ளச் சொல்லி, முதலாளியிடம் என் பெயரைச் சொல்லிவிட்டுப் போனதும் அவர்தான். அவர் மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் அடுக்கிய பெட்டிகளுக்குக் குறி போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வள்ளக்காரர் கால் எட்டாத ஆழத்துக்குக் கூட்டிப்போய் என்னை இறக்கிவிட்டுப் பின்னாலேயே வருகிறார். போன வாரம் முழுத் தூரத்தையும் எதையும் பிடிக்காமல் நீந்தினேன். எண்ணிச் சொல்லத்தான் கரையில் ஆள் இல்லை. லாத்தாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "நோன்புப் பெருநாளுக்கு வாரேன். வந்து பாக்குறேன்" என்று பதில் வந்தது.

இன்று காலை இழுப்பறையைத் திறந்து, மார்க்கர் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, ஒரு துண்டுத் தாளில் கோடு இழுத்துப் பார்த்தேன். மை காயவில்லை. கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு மூடியை இறுக்கி, மார்க்கரை இருந்த இடத்திலேயே வைத்தேன். இது நான் பேக் பண்ணிய பெட்டி.