கல்லின் அடியில் என் பெயர்

மில் முதலாளி ஒருநாளும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதனால்தான் அவர்மேல் கோபம் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

தொண்ணூறுகளில் கோவையில் இருந்த அவருடைய பங்களாத் தோட்டத்துக்காக ஒரு கருங்கல் சிற்பம் செய்தேன். ஒன்பதடி உயரம். சாமியுமில்லை, யானையுமில்லை, வளைந்த இரண்டு பாளங்கள், நடுவே காற்று போக ஓர் இடைவெளி. உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் குவாரியில் கல்லைத் தேர்ந்தெடுத்து ஏழு மாதம் செதுக்கினேன். கட்டைவிரல் நகம் ஒன்று போனது.

முடிக்கும்போது, பெயரை எந்தப் பக்கம் வெட்டட்டும் என்று கேட்டேன்.

"பேரெல்லாம் எதுக்குங்க அம்மணி? கல்லோட அழகு கெட்டுப்போயிருமுங்க."

சரி என்றேன். கல் படுத்துக் கிடந்தபோதே அதன் அடிப்பாகத்தில் என் பெயரைச் சாண் உயர எழுத்தில் வெட்டினேன். அப்போது அது வெறும் வீம்புதான். பிறகு குழியில் செம்மண் இட்டு நிறுத்தினோம்.

திறப்பு நாளில் அவர் தன் மருமகனின் தோளில் கைபோட்டு, "எல்லாம் நம்ம மாப்பிள்ளை செஞ்சதுங்க" என்றார். என்னைக் காட்டி, "அம்மணி கொத்து வேலைக்கு வந்தவங்க" என்றார். உளி பிடித்தே அறியாத மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றான். நான் விருந்துக்கு நிற்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் பொறுத்தேன். ஊரெல்லாம் வாஸ்து பார்த்துச் சுவர்களை இடித்துக்கொண்டிருந்த சமயம் அது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் முதலாளியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க அக்கா, ஈசானிய மூலையில அத்தனை பாரம் ஆகாதுங்கறாங்களே, உங்க தோட்டத்துக் கல்லு அங்கதானுங்களே நிக்குது?"

அக்காவின் முகம் வெளுத்தது. நான் பாயசத்தைக் குடித்து முடித்தேன்.

பத்தே நாளில் முதலாளி போன் செய்தார். "கல்லைக் கன்னிமூலைக்கு மாத்தோணுமுங்க அம்மணி. எங்க கட்டித் தூக்கோணும்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்."

ஆமாம், எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியாது.

நல்ல நேரம் பார்த்துச் சொந்தபந்தமெல்லாம் போர்ட்டிகோவில் நின்றது. கல்லைப் படுக்கைவாட்டில் கட்டி, அடிப்பாகம் போர்ட்டிகோவைப் பார்க்கும்படி கிரேன்காரரிடம் தூக்கச் சொன்னேன். கல் மெல்ல எழுந்து திரும்பியது. செம்மண் அடைந்திருந்த எழுத்துகள் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தன. கிரேன்காரர் சத்தமாகப் படித்துவிட்டுக் கேட்டார்:

"இது யாரு பேருங்க?"

"என்னோடதுங்க. செஞ்சவ பேரு."

மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தான். யாரோ ஒரு பெரியம்மா என் பெயரை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தச் சத்தம் எனக்கு இனித்தது.

முதலாளி அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "பாத்து எறக்கச் சொல்லுங்க அம்மணி" என்றார். இந்தத் தடவை செம்மண் வேண்டாமாம், காங்கிரீட் போடச் சொன்னார்.

போட்டோம். மட்டம் சரிபார்த்து, என் பெயரை என் கையாலேயே மூடினேன். அவருடைய காலை நடை அந்தக் கன்னிமூலை வழியாகத்தான். அடியில் என்ன இருக்கிறதென்று இப்போது அவருக்குத் தெரியும். தினமும் பார்த்துக்கொண்டே நடக்கட்டும்.